காமன் ஆடப் பொட்டல் எங்கே?

மாசி அமாவாசை கழிந்து பிறை தெரிந்துவிட்டால் இலங்கை மலையகத் தோட்டங்களில் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றும் பேச்சு தொடங்கிவிடும். பூனாகலை, கொஸ்லாந்தை, அப்புத்தளை என நீளும் ஊவாத் தேயிலை மலைத் தமிழர்களுக்குக் காமன் கூத்து கோயில் திருவிழாவுக்கு இணையானது.

1820களிலிருந்து கோப்பித் தோட்ட வேலைக்காகத் தமிழகத்திலிருந்து கூட்டிவரப்பட்டவர்களோடு வந்த கூத்து இது. இலைநோயில் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. 1948இல் இம்மக்களின் குடியுரிமை பறிபோனது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தால் பல குடும்பங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறின. எஞ்சியவர்கள் காமனைக் கைவிடவில்லை.

சிவனின் தவத்தைக் கலைத்த காமன் என்னும் மன்மதன் நெற்றிக்கண்ணில் எரிகிறான், ரதி புலம்புகிறாள். கதை இவ்வளவுதான். கூத்துக்கோ பல இரவுகள் வேண்டும். மரபுப்படி ரதியாக ஆடுபவரும் ஆண்பிள்ளைதான். கூத்து மாஸ்டர் பாட்டெடுத்துக் கொடுக்க, தப்புப் பறை முழங்க, ரதியும் மன்மதனும் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்கள்தோறும் போய் வாசலுக்கு வாசல் ஆடுவார்கள். பகலெல்லாம் கொழுந்து பறித்த பெண்கள் பிள்ளைகளைப் போர்வையில் சுற்றிக்கொண்டு பொட்டலில் வந்து உட்காருவார்கள். மன்மதன் எரியும் தகனத்தன்று வீரபத்திரன் வேடம் இறங்கும்போது முன்வரிசைச் சிறுவர்கள் பின்னால் ஓடுவார்கள்.

இன்று ஆட வேண்டிய இளைஞர்களில் பலர் கொழும்புக் கடைகளில் நிற்கிறார்கள். லீவு கிடைக்கும் நாட்களுக்கு ஏற்பக் கூத்தும் சுருங்குகிறது. தப்பு அடிக்கவும் ஆள் குறைகிறது என்றால், தப்பு அடித்தவர்களைச் சாதி சொல்லி ஒதுக்கியதும் இதே தோட்டங்களில்தான். அவர்களுடைய பிள்ளைகள் தப்பைத் தொட மறுத்தால் அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. எல்லாப் பிள்ளைகளும் மதிப்போடு கற்கும் கலையாகத் தப்பு மாறவேண்டும்.

கூத்து நடக்கும் லயமும் மாறுகிறது. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. உயிர் தப்பிய குடும்பங்கள் பூனாகலைப் பக்கத்துப் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் நீண்டகாலம் தங்கிய பிறகே தனி வீடுகளுக்குப் போயின. தனி வீடு இந்த மக்களின் நெடுநாள் உரிமைக் கோரிக்கை. அது எல்லாருக்கும் கிடைக்கவேண்டும். ஆனால் வீட்டுத் திட்டம் வரையும்போது காணியும் பாதையும் தண்ணீர்க் குழாயும் கணக்கில் வருகின்றன. கம்பம் ஊன்றிப் பல இரவுகள் ஊர் கூட ஒரு பொட்டலும் கணக்கில் வரவேண்டும். வரைபடம் முடிவாகும் முன்பே கூத்து மாஸ்டர்மாரையும் தோட்டத்துப் பெரியவர்களையும் கூப்பிட்டு இடம் கேட்பது அதிகாரிகளுக்கு முடியாத காரியமல்ல.