வெட்டியதும் விட்டதும்

மார்கழி பிறக்கும் சமயத்தில் கடைத்தெருவில் கோலத் தகடுகள் விற்பனைக்கு வருவதை எல்லோரும் பார்த்திருப்போம். வட்டமான தகரம் அல்லது பிளாஸ்டிக் தட்டு. அதன் அடிப்பாகம் முழுவதும் பொடிப் பொடியாகத் துளைகள். தரையில் வைத்து, மாவைப் போட்டு, உள்ளங்கையால் ஒரு தடவு தடவித் தூக்கினால் தாமரையோ மயிலோ நொடிப்பொழுதில் தோன்றிவிடுகிறது. இதை வாங்கிச் செல்லும் பெண்மணிகளில் யாரேனும், "தாமரை இதழின் ஓரம் ஏன் கோடாக இல்லாமல் புள்ளி புள்ளியாகவே இருக்கிறது?" என்று கடைக்காரரைக் கேட்டதுண்டோ? கேட்டிருந்தால், ஒரு பெரிய கைத்தொழிலின் ஆதார ரகசியத்தை அவர் தொட்டுவிட்டார் என்றே சொல்ல வேண்டும்.

ஒரு தாளில் வட்டம் வரைந்து, அந்தக் கோட்டைச் சுற்றிலும் கத்தியால் வெட்டிப் பாருங்கள். வட்டத்தின் நடுப்பாகம் தனியே கழன்று கீழே விழுந்துவிடும். கையில் மிஞ்சுவது வெறும் ஓட்டைதான். நடுப்பாகம் விழாமல் நிற்க வேண்டுமானால், கோட்டை இரண்டு மூன்று இடங்களில் வெட்டாமல் விட வேண்டும். அப்படி விடப்பட்ட சிறு துண்டைப் 'பாலம்' என்று அழைப்போம். கோலத் தகட்டில் புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே உள்ள தகரம் அத்தனையும் பாலமே. ஸ்டென்ஸில் என்று சொல்லப்படும் துளைத் தாளை வெட்டுகிறவரின் சாமர்த்தியமெல்லாம் இந்தப் பாலத்தை எங்கே, எவ்வளவு மெல்லியதாக வைப்பது என்பதில் அடங்கியிருக்கிறது.

நம் எழுத்துக்களையே எடுத்துக்கொள்வோம். ட, ப, ய ஆகியவற்றில் மூடிய சுழி கிடையாது. அவற்றை வெட்டுவது குழந்தை விளையாட்டு. மெய்யெழுத்தின் புள்ளியோ ஒரே ஒரு துளை. ஆனால் ம, வ, ல, ண என்று வரும்போது சுழிக்குள் அகப்பட்ட துண்டு விழுந்துவிடப் பார்க்கிறது. 'பட்டம்' என்று வெட்ட உட்காருகிறவர் முதல் மூன்று எழுத்துக்களைச் சுளுவாக முடித்துவிட்டு, கடைசி எழுத்தில் கத்தியைக் கீழே வைத்து யோசிக்கத்தான் வேண்டும். அந்த யோசனைக்கு வெவ்வேறு இடத்து ஜனங்கள் கண்டுபிடித்த விடைகள் மிகவும் ரஸமானவை.

வடமதுரையின் விடை

கண்ணன் பிறந்த வடமதுரையிலும் பிருந்தாவனத்திலும் 'சாஞ்ஜி' என்றொரு கலை உண்டு. மஹாளய பட்சத்து நாட்களில் அங்குள்ள கோயில்கள் சிலவற்றில் மண்ணால் ஒரு மேடை அமைக்கிறார்கள். அதன்மேல் நுண்ணிய கத்தரிக்கோலால் வெட்டிய காகிதங்களை வைத்து, உலர்ந்த வர்ணப் பொடிகளைச் சலித்துத் தூவுகிறார்கள். மரம், மாடு, மயில், கண்ணனுடைய லீலைகள் எல்லாம் மேடைமீது எழுகின்றன. கிராமத்துக் கன்னிப் பெண்கள் சுவரில் சாணத்தாலும் பூக்களாலும் செய்துவந்த சாஞ்ஜி, கோயிலுக்குள் வந்து இவ்வளவு நுட்பம் அடைந்திருக்கிறது.

ஒரே சித்திரத்திற்கு அவர்கள் ஒரே தாளை நம்பியிருப்பதில்லை. ஒவ்வொரு வர்ணத்திற்கும் ஒவ்வொரு தாள் உண்டு. முதல் தாளில் பாலம் விட்ட இடத்தை அடுத்த தாளின் துளை நிரப்பிவிடலாம் அல்லவா? சிக்கல் தீர்ந்தது. ஆனால் தாளைத் தூக்கும்போது கை சற்று நடுங்கினாலும் பொடி சிந்தி, பல மணி நேரத்து வேலை வீணாகிவிடும். இவ்வளவு பாடுபட்டு எழுதிய சித்திரத்தைப் பூஜை முடிந்ததும் கலைத்துவிடுகிறார்கள். அடுத்த தடவைக்கு மிஞ்சுவது வெட்டிய தாளும், வெட்டத் தெரிந்த கையுமே.

சுஸுகா நகரத்தின் விடை

வடமதுரையில் தெய்வத்தின் மேடைக்கு வெட்டிய காகிதத்தை, ஜப்பானியர் உடுத்தும் துணிக்காக வெட்டினார்கள். அந்தத் தேசத்தில் மீயே மாகாணத்தில் சுஸுகா என்ற நகரம் இருக்கிறது. அதைச் சேர்ந்த ஷிரோகோ, ஜிகே என்னும் பகுதிகள் பல நூற்றாண்டுகளாகச் சாயத் தொழிலுக்கு வேண்டிய துளைத் தாள்களுக்குப் பேர்போனவை. இவற்றை 'இஸே கட்டகாமி' என்பார்கள்.

தாள் தயாரிப்பதே ஒரு தனிக் கலை. காகித மல்பெரி மரத்தின் பட்டையிலிருந்து செய்த கைக் காகிதத்தில் இரண்டு மூன்று தாள்களை, நார்கள் குறுக்கும் நெடுக்குமாக அமையும்படி ஒட்டுகிறார்கள். ஒட்டும் பசை, பெர்ஸிமன் பழத்தைக் காயாகவே பறித்துப் பிழிந்து எடுத்த துவர்ப்புச் சாறு. பிறகு வெயிலில் உலர்த்தி, மரத்தூள் புகையும் அறையில் தொங்கவிட்டுப் பல நாள் பதப்படுத்துகிறார்கள். காகிதம் பழுப்பேறி, தண்ணீருக்கு அசைந்து கொடுக்காத உறுதி பெறுகிறது.

இந்தத் தாளைத் துணிமேல் வைத்து, அரிசி மாவும் தவிடும் கலந்த பசையைத் தடவுவார்கள். பசை காய்ந்தபின் துணிக்குச் சாயமேற்றி அலசினால், பசை இருந்த இடம் வெள்ளையாக நின்றுவிடும். அந்தக் காலத்துச் சாமுராய் வீரர்களின் உடையில் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே நிறம் போலவும், அருகில் வந்தால் நுண்ணிய புள்ளிக் கோலமாகவும் தெரிந்த துணிகள் இப்படிப் பிறந்தவையே. மிகவும் நுட்பமான தாளில் மூன்று சென்டிமீட்டர் சதுரத்திற்குள் ஏறக்குறைய 900 துளைகள் இருக்கும். அரைவட்ட முனையுள்ள சிறு உளியைத் தாளில் ஊன்றிச் சுழற்றி, ஒவ்வொரு துளையாகப் போட வேண்டும். ஒரு துளை தவறினால் தாள் முழுவதும் தவறியதுதான்.

புள்ளிகளுக்குப் பாலம் தானாகவே அமைந்துவிடுகிறது. நீண்ட மெல்லிய கோடுகளுக்கு என்ன செய்வது? வெட்டியபின் அவை பசையின் இழுப்புக்குத் தாங்காமல் வளைந்துவிடுமே! இதற்கு அவர்கள் கண்ட உபாயம் அபாரமானது. முதலில் முழுதும் ஒட்டாமல் அடுக்கிய தாள்களை ஒருசேர வெட்டி, மேல் தாளையும் கீழ்த் தாளையும் பிரித்து, நடுவில் பட்டு நூலை வரிசையாகப் பரப்பி, மறுபடியும் ஒரு கோடுகூட விலகாமல் ஒட்டிவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத நூலே பாலமாகிவிடும்! இந்த வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்துவந்தார்கள். 1955-ம் வருஷத்தில் ஜப்பானிய அரசாங்கம் கட்டகாமிக் கலைஞர் ஆறு பேரைத் தேசத்தின் கலைச் செல்வமாக அங்கீகரித்தபோது, நூல் வைக்கும் வித்தைக்காக ஜோனொகுச்சி மீயே என்ற பெண்மணியும் அவர்களில் ஒருவராக விளங்கினார்.

மெழுகுத் தாளின் விடை

நூலே பாலமாகலாம் என்றால், காகிதத்தின் நாரே பாலமாகக் கூடாதா? அலுவலகங்களில் பல காலம் ஆட்சி செய்த சைக்ளோஸ்டைல் இயந்திரம் இந்தத் தத்துவத்தில் பிறந்ததுதான். 1876-ம் வருஷத்தில் எடிஸன் உரிமை பெற்ற மின்சாரப் பேனா, நம் கோலத் தகட்டைப் போலவே எழுத்துக்களைச் சிறு சிறு துளைகளாகக் குத்தியது. பிறகு மெல்லிய ஜப்பானியக் காகிதத்தில் மெழுகு பூசி, எழுதும் இடத்தில் மெழுகை மட்டும் விலக்கும் முறை வந்தது. மெழுகு போன இடத்தில் மசி இறங்கும். நார்கள் அங்கேயே நின்று எழுத்தின் சுழியைத் தாங்கிக்கொள்ளும்.

இந்த எளிய தாளுக்கு நம் தேச சரித்திரத்திலும் ஓர் இடம் உண்டு. 1942-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்திற்குப் பிறகு, தலைவர்கள் சிறையிலும் பத்திரிகைகள் தணிக்கையிலும் இருந்த நாட்களில், தலைமறைவாயிருந்த தொண்டர்கள் சைக்ளோஸ்டைல் பிரதிகளாகவே செய்திகளை ஊர் ஊராகப் பரப்பினார்கள். பெரிய அச்சகத்தைப் பூட்டி முத்திரை வைத்துவிடலாம். ஒரு மெழுகுத் தாளும் உருளையும் எந்த வீட்டின் பின்கட்டிலும் ஒளிந்துகொள்ளும்.

துணியிலிருந்து ஏட்டுக்கு

சாயத் தொழிலின் துளைத் தாளைப் புஸ்தகத்துக்கும் காலண்டருக்கும் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஸெரிஸாவா கெய்ஸுகே. 1895-ல் ஷிஸுவோகாவில் பிறந்தவர். ஓகினாவாத் தீவின் 'பிங்காட்டா' என்ற பலவர்ணச் சாயத் துணிகளைப் பார்த்து மனத்தைப் பறிகொடுத்தார். வழக்கமாகச் சித்திரம் எழுதுகிறவர் ஒருவர், தாளை வெட்டுகிறவர் ஒருவர், சாயமிடுகிறவர் வேறொருவர். ஸெரிஸாவா மூன்றையும் தாமே செய்தார். 1937-ல், ஸ்பெயின் தேசத்து டான் குவிக்ஸோட்டை ஜப்பானிய வீரனாக வேஷமிட்டு, துளைத் தாளால் அச்சிட்ட ஒரு சித்திரப் புஸ்தகத்தை வெளியிட்டார்.

1945-ல் டோக்கியோவின்மேல் பொழிந்த குண்டுகளில் அவருடைய வீடு எரிந்துபோயிற்று. யுத்தத்திற்குப் பிறகு அவர் கைக் காகிதத்தில் துளைத் தாளால் வர்ணமிட்ட மாதக் காலண்டர்களைச் செய்யத் தொடங்கினார். ஒவ்வொரு மாதத்திற்கும் பூவோ, இலையோ, பாத்திரமோ சுற்றி நிற்க, நடுவில் தேதிகள். அவை வருஷந்தோறும் வெளிவந்து வீடுகளின் சுவர்களை அலங்கரித்தன. எல்லாம் சாம்பலான ஊரில் ஒருவர் உட்கார்ந்து அடுத்த மாதத்தின் தேதிகளுக்குப் பூவேலை செய்தார் என்பதை நினைத்தால், தினக்குறிப்பு எழுதும் பழக்கத்திற்கே ஒரு புதிய பெருமை ஏற்படுகிறது.

வீட்டில் செய்யும் விதம்

தினக்குறிப்பு ஏட்டின் பக்கங்களைத் துளைத் தாளால் அலங்கரிப்பது இப்போது பல தேசங்களில் பரவியிருக்கிறது. கடையில் வெட்டிவைத்த பிளாஸ்டிக் தகடுகள் கிடைக்கின்றன. லேஸர் கதிரால் வெட்டும் இயந்திரங்களும் வந்துவிட்டன. அவற்றில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் ஒரே தகடு ஆயிரம் வீட்டு ஏடுகளில் ஒரே பூவைத்தான் பூக்கச் செய்யும். நம் வீட்டு முருங்கை இலையும், பாட்டியின் கூஜாவும், குழந்தை வரைந்த கோணல் யானையும் எந்தக் கடையிலும் கிடைக்கமாட்டா.

வேண்டிய சாமான்கள் அதிகம் இல்லை. பழைய கல்யாணப் பத்திரிகையின் அட்டை ஒன்று. அதன் இருபுறமும் மெழுகுவத்தியைத் தேய்த்தால் ஈரம் சட்டென்று ஏறாது. கழுவிய பழைய எக்ஸ்ரே பிலிம் இருந்தால் இன்னும் நீடித்து உழைக்கும். கூரிய சிறு கத்தி, அடியில் வைக்க ஒரு தடித்த அட்டை, ஒரு துண்டுப் பஞ்சு, கெட்டியான வர்ணம், அவ்வளவுதான். கத்தி வேலையைப் பெரியவர்கள் செய்ய, வர்ணம் ஒற்றும் வேலையைக் குழந்தைகளுக்கு விட்டுவிடலாம்.

சித்திரத்தை வரைந்தவுடன் வெட்டத் தொடங்கலாகாது. முதலில் எந்தத் துண்டு விழும் என்று பார்த்து, பாலங்களைப் பென்ஸிலால் குறித்துக்கொள்ள வேண்டும். இலையின் நடு நரம்பு, பூவின் காம்பு, யானையின் காதோரம் ஆகியவை பாலத்திற்கு நல்ல இடங்கள். அங்கே அது சித்திரத்தின் அங்கமாகவே தோன்றும். சிறிய துளைகளை முதலிலும் பெரியவற்றைக் கடைசியிலும் வெட்டினால் தாள் தளராமல் இருக்கும். வளைவுகளில் கத்தியைத் திருப்புவதைவிடத் தாளைத் திருப்புவது நலம்.

பஞ்சில் வர்ணத்தைத் தொட்டதும் வேறு காகிதத்தில் பலமுறை ஒற்றி, அநேகமாய் உலர்ந்துவிட்டது என்று தோன்றும்போதுதான் ஏட்டிற்குக் கொண்டுவர வேண்டும். ஈரம் மிகுந்தால் வர்ணம் தாளுக்கு அடியில் ஓடி ஓரம் கசிந்துவிடும். இழுத்துப் பூசாமல் மேலிருந்து நேராக, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி, தாளை நேராகத் தூக்க வேண்டும். இரண்டாவது வர்ணத்திற்கு வேறொரு தாள் வெட்டலாம். முதல் வர்ணம் காயும்வரை பொறுக்க மட்டும் தெரிய வேண்டும். இளம் வர்ணத்தில் பக்கம் முழுவதும் ஒற்றிவிட்டால், அதன்மேல் அன்றைய குறிப்பைத் தாராளமாக எழுதலாம்.

மாதத்திற்கு ஒரு தாள் வெட்டினாலும் வருஷ முடிவில் 12 தாள்கள் சேர்ந்துவிடும். அவற்றை ஓர் உறையில் போட்டு ஏட்டோடு வைத்திருங்கள். பிற்காலத்தில் ஏட்டைப் புரட்டுகிற பேரனோ பேத்தியோ அதே தாளை எடுத்துப் புதிய பக்கத்தில் ஒற்றிக்கொள்ளலாம். சுஸுகாவில் கிமோனோ உடுத்துவது குறைந்ததால் தாள் வெட்டுகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். கலையைக் காப்பதற்கென்றே சங்கம் வைத்து, மூத்தவர்கள் இளையவர்களுக்குக் கற்றுக் கொடுக்கிறார்கள். கைவேலை அடுத்த தலைமுறைக்குப் போவதற்கும் ஒரு பாலம் வேண்டியிருக்கிறது. நம் வீட்டில் அது அந்த உறையாக இருக்கட்டும்.

முதல் தடவை வெட்டும்போது பாலம் அறுந்து, நடுத்துண்டு விழத்தான் விழும். அதை எறிந்துவிட வேண்டாம். விழுந்த துண்டைப் பக்கத்தின்மேல் வைத்துச் சுற்றிலும் வர்ணத்தை ஒற்றிப் பாருங்கள். அதே பூ, இப்போது வெள்ளையாகப் பூத்திருக்கும்.