எருமைநாக்கு: உச்சந்தலையில் ஒரு கண்

அலாஸ்காவின் ஹோமர் துறைமுகத்துக்குக் கோடையில் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டிப் படகேறி, ஈயக்குண்டு கட்டிய தூண்டிலைக் கடலடிவரை இறக்கிவிட்டுக் காத்திருப்பார்கள். அவர்கள் தேடுவது ஹாலிபட். பசிபிக் ஹாலிபட் 200 கிலோவைத் தாண்டியும் வளரும். மிகப் பெரியவை அநேகமாக எல்லாமே பெண் மீன்கள். அகன்ற தட்டையுடம்பு தண்ணீரை எதிர்த்து நிற்பதால் மேலே இழுப்பதற்குள் தோள்பட்டை விட்டுப்போகும்.

இந்த மீனுக்குத் தூரத்துச் சொந்தம் ஒன்று நம் கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் கடலிலும் உண்டு. ஆங்கிலத்தில் இந்திய ஹாலிபட். நம் மீனவர்களுக்கு எருமைநாக்கு. அதிகபட்சம் 64 சென்டிமீட்டர், 9 கிலோ வரை வளரும். 1801இல் பெர்லின் மருத்துவர் பிளாக்கின் மீன் நூலை அவர் இறந்தபின் ஷ்னைடர் வெளியிட்டபோது, தரங்கம்பாடியில் வழங்கிய தமிழ்ப் பெயரே இதன் அறிவியல் பெயருக்குள்ளும் ஏறியது: செட்டோடெஸ் எருமெய். உருவத்தில் அலாஸ்கா மீனோடு போட்டி போட முடியாது. ஆனால் உயிரியல் படிப்பவர்களுக்கு அதைவிட இதுதான் பெரிய மீன் என்பேன்.

காரணம் இதன் கண். தட்டை மீன்கள் எல்லாமே முட்டையிலிருந்து வரும்போது சாதாரண மீன்கள்தான்: பக்கத்துக்கு ஒரு கண், நிமிர்ந்த நீச்சல். சில வாரங்களில் தைராய்டு ஹார்மோனின் தூண்டுதலால் மண்டையோடு முறுக்கிக்கொள்ள, ஒரு கண் இடம்பெயரத் தொடங்கும். தலையின் உச்சியைக் கடந்து மறுபக்கத்துக் கண்ணருகே போய் உட்காரும். அதன்பின் கண்ணில்லாத பக்கம் அடியில் இருக்க, மீன் தரையில் படுத்தே வாழும். ஹாலிபட்டில் கண்கள் பெரும்பாலும் வலப்பக்கம் சேரும். எருமைநாக்கிலோ இடமும் வலமும் ஏறக்குறைய சரிபாதி. அதோடு, இடம்பெயரும் கண் முழுத்தூரமும் போவதில்லை. உச்சந்தலை விளிம்புக்கு வந்து அங்கேயே நின்றுவிடுகிறது.

டார்வினை வம்புக்கு இழுத்த விஷயம் இது. பாதி தூரம் நகர்ந்த கண்ணால் மீனுக்கு என்ன லாபம், பிறகு அது எப்படிப் படிப்படியாக உருவாகியிருக்கும் என்று 1871இல் விலங்கியலாளர் மிவார்ட் கேட்டார். மறு ஆண்டு வந்த 'உயிரினங்களின் தோற்றம்' ஆறாம் பதிப்பில் டார்வின் பதில் எழுதினார்: குஞ்சு மீன் கீழ்க்கண்ணை மேலே திருப்பித் திருப்பிப் பார்த்த முயற்சியே பரம்பரையாகச் சேர்ந்தது என்று. அந்த விளக்கத்தை இன்று யாரும் ஏற்பதில்லை. உறுதியான விடை 2008இல் கிடைத்தது. சுமார் 5 கோடி ஆண்டு பழமையான ஆம்ஃபிஸ்டியம், ஹெட்டரோநெக்டெஸ் என்ற ஆதித் தட்டை மீன்களின் புதைபடிவங்களைத் தொல்லுயிரியலாளர் மாட் ஃப்ரீட்மேன் ஆராய்ந்தார். வளர்ந்த மீன்களிலேயே ஒரு கண் பாதி நகர்ந்திருந்தது; உச்சியைத் தாண்டவில்லை. அப்படிப்பட்ட கண்ணோடு அவை பிழைத்து வளர்ந்திருக்கின்றன. புதைபடிவத்தைத் தேடிப் போக முடியாதவர்களுக்கு, அதற்கு மிக நெருங்கிய உயிருள்ள சாட்சி எருமைநாக்கு. தட்டை மீன் குலத்தில் ஆதியிலேயே பிரிந்த கிளை இது.

பழைய அடையாளங்கள் இன்னும் இருக்கின்றன. மற்ற தட்டை மீன்களில் முதுகுத் துடுப்பு தலைமேல் ஏறிக் கண்வரை வரும். இதில் கண்ணுக்கு நன்றாகப் பின்னால்தான் தொடங்கும். அதன் முன்பகுதியில் விரலால் தடவினால் உண்மையான முட்கள் குத்தும். ஹாலிபட்டில் அவை இல்லை. வாய் கண்ணைத் தாண்டிப் பின்னுக்குக் கிழிந்திருக்கும். உள்ளே கூரிய பற்கள். சேற்றிலும் மணலிலும் பதுங்கியிருந்து பக்கத்தில் வரும் மீனைக் கவ்வும் வேட்டைக்காரன். சிலநேரம் மற்ற மீன்கள் போல நிமிர்ந்தும் நீந்தும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத்தான். தடை முடிந்து இழுவலைகள் கடலடியைத் துழாவத் தொடங்கினால் முதலில் அகப்படுவது இப்படித் தரையோடு கிடப்பவை. அகலமான நான்கு கறுப்புப் பட்டைகளோடு உள்ளங்கையளவில் கிடப்பவை பெரும்பாலும் எருமைநாக்குக் குஞ்சுகள். அவற்றை வாங்காமல் விடலாம்.

செங்கல்பட்டுச் சந்தையில் பெரியது கிடைத்தால், நாக்கு மீனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நாக்கு மீன் மெலிந்து நீண்டிருக்கும், வாய் சிறியது, வாலும் துடுப்புகளும் ஒன்றாக இணைந்திருக்கும். எருமைநாக்கின் சதை வெள்ளை, கெட்டி. வறுக்கவும் குழம்புக்கும் நன்றாக இருக்கும். வெட்டுபவரிடம் தலையை மட்டும் வீசிவிடாமல் கேட்டு வாங்குங்கள். பிள்ளைகளை உட்காரவைத்து, ஒரு கண் பக்கவாட்டிலும் மற்றொன்று உச்சி விளிம்பிலும் இருப்பதைக் காட்டிவிட்டுச் சட்டியில் போடலாம்.