சம்பளம் நிற்காத விடுமுறை

காய்ச்சல் வந்தால் கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்திருக்கலாம். ஆனால் படுத்திருக்கும் நாளுக்குக் கூலி இல்லையென்றால், மறுநாள் கஞ்சிக்கு அரிசி எங்கிருந்து வரும்? நாட்கூலிக்குப் போகும் எந்த வீட்டுக்கும் இக்கேள்வி புதிதல்ல. செல்வம் கொழிக்கும் நாடென்று நாம் எண்ணும் ஐக்கிய அமெரிக்காவிலும் எத்தனையோ தொழிலாளர் குடும்பங்கள் இதே கேள்வியோடுதான் வாழ்கின்றன.

அந்நாட்டில் 1993ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. பிள்ளை பிறந்தாலோ, தனக்கோ நெருங்கிய உறவினருக்கோ கடும் நோய் ஏற்பட்டாலோ, தொழிலாளி ஆண்டுக்கு 12 கிழமை விடுமுறை எடுக்கலாம். அவரது வேலை பறிபோகாது. நல்ல சட்டந்தான். ஆனால் அந்த 12 கிழமைக்கும் சம்பளம் தரவேண்டும் என்று அச்சட்டம் கூறவில்லை. 50 பேருக்குக் குறைவானோர் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களுக்கும் அது பொருந்தாது. ஆகவே, கையில் சேமிப்பு உள்ளவருக்கு அது உரிமை. அன்றாடம் உழைத்து உண்பவருக்கு அது வெறும் கடதாசி.

இக்குறையை நீக்க மாநிலங்கள் முன்வந்தன. கலிபோர்னியா 2002இல் சட்டம் இயற்றி, 2004இல் கொடுப்பனவைத் தொடங்கியது. இன்று பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இத்தகைய சட்டங்கள் உள்ளன. அவற்றுள் வடமேற்கிலுள்ள வொஷிங்டன் மாநிலத்தின் திட்டத்தை நாம் இங்கு நோக்குவோம். இது தலைநகரான வொஷிங்டன் அன்று. பசுபிக் கடலோரத்தில், அப்பிள் தோட்டங்களுக்குப் பேர்பெற்ற மாநிலம்.

பணம் எங்கிருந்து வருகிறது?

இத்திட்டத்திற்கான சட்டம் 2017இல் நிறைவேறியது. 2019 ஜனவரியில் சந்தா அறவிடத் தொடங்கினர். ஓராண்டு நிதி சேர்ந்தபின், 2020 ஜனவரியில் கொடுப்பனவு ஆரம்பமாயிற்று. சம்பளத்தில் ஒரு சிறு பங்கு கழிக்கப்பட்டு மாநில அரசின் தனி நிதியத்திற்குப் போகிறது. 2025இல் அது சம்பளத்தில் 0.92 வீதம். இதில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கைத் தொழிலாளியும் எஞ்சியதைத் தொழில்தருநரும் செலுத்தினர். 50 பேருக்குக் குறைவானோரை வைத்திருக்கும் சிறிய தொழில்தருநர் தமது பங்கைச் செலுத்த வேண்டியதில்லை.

நமது ஊழியர் சேமலாப நிதியில் ஒருவர் பெயரில் சேர்வது அவருக்கே உரியது. இது அப்படியன்று. நம் கிராமத்து மரண உதவிச் சங்கத்தைப் போன்றது. எல்லோரும் மாதாமாதம் சிறு தொகை கொடுக்கிறோம். எந்த வீட்டில் துயரம் நேர்கிறதோ அந்த வீட்டுக்கு அது போகிறது.

யாருக்கு, எவ்வளவு?

ஏறக்குறைய ஓராண்டுக் காலத்தில் 820 மணித்தியாலம் வேலை செய்திருந்தால் போதும். ஒரே இடத்தில் வேலை செய்திருக்க வேண்டும் என்பதில்லை. பருவத்துக்குப் பருவம் தோட்டம் மாறும் தொழிலாளி, பல இடங்களில் செய்த மணித்தியாலங்களையும் கூட்டிக் காட்டலாம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். யக்கிமா பள்ளத்தாக்கில் அப்பிள் பொதி செய்யும் ஒரு பெண் கிழமைக்கு 800 டொலர் சம்பாதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2025ஆம் ஆண்டுக் கணக்கின்படி அவரது சம்பளத்தில் கழிக்கப்படுவது கிழமைக்கு 5 டொலரும் சில சதமும். அவர் பிள்ளை பெற்று வீட்டிலிருக்கும்போது நிதியம் கிழமைக்கு 720 டொலர், அதாவது சம்பளத்தில் 90 வீதம் கொடுக்கும். சம்பளம் உயர உயர இந்த வீதம் குறையும். 2025இல் எவருக்கும் கிழமைக்கு 1,542 டொலருக்கு மேல் இல்லை. குறைந்த கூலிக்காரருக்கு அதிக வீதம் என்பதே இதன் நியாயம்.

குடும்பக் காரணத்துக்கு 12 கிழமை, சொந்தச் சுகவீனத்துக்கு 12 கிழமை. இரண்டும் சேர்ந்தால் ஆண்டுக்கு 16 கிழமை. கர்ப்பகாலத்தில் சிக்கல் ஏற்பட்டால் 18 வரை போகலாம். தாய்க்கு மட்டுமன்றித் தகப்பனுக்கும் இவ்வுரிமை உண்டு. வயோதிபப் பெற்றோரையோ மாமன் மாமியையோ பராமரிக்கவும் விடுமுறை எடுக்கலாம். நோய்க்கு வைத்தியரின் அத்தாட்சி வேண்டும். முன்கூட்டியே தெரிந்த விடயமாயின் 30 நாளுக்கு முன் தொழில்தருநருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். பின்னர் ஒவ்வொரு கிழமையும் கோரிக்கை அனுப்ப வேண்டும்.

குறைகள் இல்லையா?

உண்டு. முதலாவது, பணம் வேறு, வேலை வேறு. சிறிய நிறுவனமொன்றில் உள்ளவருக்கு நிதியத்திலிருந்து பணம் வந்தாலும், திரும்பிப் போகும்போது வேலை இருக்கும் என்ற உறுதி இருக்கவில்லை. இதனால் அஞ்சி விடுமுறை கேளாதிருப்பவர் எல்லோரையும்விட ஏழைகளே. இதைத் திருத்த 2025இல் சட்டம் மாற்றப்பட்டது. 2026 ஜனவரி முதல் 25 பேர் வேலை செய்யும் இடங்களுக்கும் வேலைப் பாதுகாப்பு விரிந்தது. 2028இல் 8 பேர் உள்ள இடங்கள் வரை அது செல்லும்.

இரண்டாவது, நிதியின் பலம். தொடக்கத்திலேயே எதிர்பார்த்ததைவிட அதிகமானோர் விண்ணப்பித்தனர். பலர் பணத்துக்காகக் கிழமைக்கணக்கில் காத்திருந்தனர். 2019இல் 0.4 வீதமாக இருந்த சந்தா 2026இல் 1.13 வீதமாக உயர்ந்துள்ளது. தேவை இவ்வளவு காலமும் வீடுகளுக்குள் மறைந்திருந்தது என்பதையே இது காட்டுகிறது. ஆனால் கூடிச் சுமந்தாலும் சுமை சுமைதான். அதைக் கணக்கிட்டே தூக்க வேண்டும்.

நாம் சிந்திக்க

நமது நாட்டில் தனியார் துறைப் பெண்களுக்கு 1939ஆம் ஆண்டின் பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டம் உண்டு. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின், எத்தனையாவது பிள்ளையாயினும் 84 நாள் விடுமுறை உரித்தாகும். ஆனால் அக்காலத்துச் சம்பளத்தை அந்தந்தத் தொழில்தருநரே கொடுக்க வேண்டும். முழுச் சுமையும் ஒருவர் தலையில் விழும்போது, இளம் பெண்ணை வேலைக்கு எடுக்கத் தயங்கும் முதலாளிமாரும் இருப்பர். வயலிலும் வாடியிலும் நாட்கூலிக்கு உழைக்கும் பெண்ணோ பெரும்பாலும் இதன் பயனைக் காண்பதேயில்லை.

வொஷிங்டனின் சட்டத்தை அப்படியே இங்கு கொண்டுவர வேண்டும் என்று நாம் கூறவரவில்லை. சம்பள ஏடே இல்லாத இடத்தில் சந்தாவை எங்கே கழிப்பது? ஆயினும், ஒரு வீட்டின் பேறும் நோயும் அந்த வீட்டின் பாடு மட்டுமல்ல, அவற்றை ஊரே பங்கிட்டுச் சுமக்கலாம் என்பதை மரண உதவிச் சங்கம் நமக்கு முன்பே கற்பித்திருக்கிறது. சாவுக்குச் சங்கம் வைத்த நாம், பிறப்புக்கும் நோய்க்கும் ஏன் ஒன்று வைக்கக்கூடாது? அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் இக்கேள்வியை முன்வைத்துப் பாருங்கள்.