மாயன் கிணறும் நம்ம ஊர்ச் சுனையும்

மூன்றாம் ஆண்டு, அமைப்பியல் துறை மாணவன்

சர்வே செயினும் லெவலிங் ஸ்டாஃபும் சுமந்து தோள் காய்த்துப்போன உங்களில் ஒருவன்தான் நானும். இரண்டாம் ஆண்டில் ஒரு நாள், வகுப்பைக் 'கட்' அடித்துவிட்டு நூலகத்தில் ஒளிந்திருந்தபோது, ஒரு புத்தகத்தில் படம் ஒன்று பார்த்தேன். வட்டமாகப் பிளந்த பூமி, அதன் அடியில் நீலமாகத் தண்ணீர், மேலிருந்து தொங்கும் மர வேர்கள், நடுவே ஒருவன் மல்லாக்க மிதக்கிறான். மெக்சிகோ நாட்டில் யுகட்டான் என்னுமிடத்தில் மாயன் இனத்தார் வாழ்ந்த பகுதி அது.

"மச்சி, ஒரு நாள் நாமளும் இங்க போகணும்டா" என்றேன்.

ஆம்பூர் நண்பன் சிரித்தான். "இன்னாடா நீ, பஸ் பாஸ் புதுப்பிக்கவே காசு இல்ல. நம்ம ஊர்ல இல்லாத பாறையா, கிணறா?"

கேலியாகத்தான் சொன்னான். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதைத் தேடி அலைந்த கதைதான் இந்தக் கட்டுரை.

மாயன் கிணறு எப்படி உண்டாயிற்று?

யுகட்டானின் வடபகுதியில் நிலத்தின் மேல் ஓடும் ஆறு கிடையாது என்றே சொல்லலாம். தரை முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த நீர் பாறை இடுக்கில் இறங்கி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சுண்ணாம்பைக் கரைத்துக் குகை குடைகிறது. ஒரு நாள் குகையின் கூரை தாங்காமல் இடிந்து விழும். கீழே நிலத்தடி நீர் தெரியும். அதுதான் 'செனோட்டே'. நம்ம பாஷையில் சொன்னால், கடவுள் வெட்டிய கிணறு!

மாயன்கள் இந்தக் கிணறுகளை நம்பியே நகரம் கட்டினார்கள். 'சிச்சென் இட்சா' என்ற பெயருக்கே 'இட்சா மக்களின் கிணற்று வாயில்' என்றுதான் பொருள். அங்குள்ள பிரமிடில் பக்கத்துக்கு 91 படி, நான்கு பக்கமும் சேர்த்து 364, மேல்தளம் ஒன்று, ஆக 365. வருஷத்து நாட்களைப் படியாகக் கட்டிய இன்ஜினியர்களுக்கு ஒரு சல்யூட்! ஆனால் இன்று அந்தப் பிரமிடில் ஏற அனுமதி இல்லை. புனிதக் கிணற்றில் குளிக்கவும் கூடாது. மற்றச் செனோட்டேக்களில் நீந்தலாம். பல இடங்களில் முதலில் ஷவரில் உடம்பைக் கழுவிவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஏனென்றால் அடியில் ஒரு கிணறும் இன்னொரு கிணறும் குகை வழியாகத் தொடர்புள்ளவை. இங்கே கலக்கிற எண்ணெய் எங்கோ ஒருவர் குடிக்கிற தண்ணீரில் போய்ச் சேரும். இந்த ஒரு வரியை நினைவில் வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

நம்ம பாறை வேறு ஜாதி

வேலூர் வட்டாரப் பாறை கருங்கல் வகை. சுண்ணாம்பு போல் கரையாது. பின் எப்படி மலை உச்சியில் தண்ணீர் நிற்கிறது? பாறையில் இயற்கையாகவே வெடிப்புகள் இருக்கும். வெயிலும் மழையும் அந்த வெடிப்பில் வேலை செய்து கல்லை உதிர்த்து உதிர்த்துப் பள்ளமாக்குகின்றன. சுற்றிலும் பிளவில்லாத கல், நீரை உள்ளே விடாது. அதனால் பள்ளத்தில் விழுந்த மழையும், வெடிப்பு வழியே கசியும் ஊற்றும் தேங்கி நிற்கிறது. இதற்கு நம் முன்னோர் வைத்த அழகான பெயர் சுனை. செனோட்டே பெரிய தேக்கத்துக்குத் திறந்த ஜன்னல். சுனை அப்படியில்லை, கையளவு உண்டியல். எடுத்தால் குறையும், அழுக்காக்கினால் அடுத்த மழை வரை அழுக்குத்தான்.

முதலில் நாங்கள் நால்வர் போனது மகேந்திரவாடி. காட்பாடி - அரக்கோணம் ரயில் பாதையில் உள்ள ஊர், இப்போது ராணிப்பேட்டை மாவட்டம். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் தனியாக நின்ற ஒரே பாறையைக் குடைந்து திருமாலுக்குக் கோயில் செய்தான். அங்குள்ள கல்வெட்டில் மகேந்திரபுரம் என்ற ஊர், மகேந்திர தடாகம் என்ற ஏரி, கோயில் மூன்றும் பேசப்படுகின்றன. கோயில் கட்டினவன் கூடவே ஏரியும் வெட்டியிருக்கிறான், கவனித்தீர்களா? இதே மன்னன் மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் செய்ததாக எழுதி வைத்திருக்கிறான். எஸ்டிமேட்டில் பாதி ஐட்டம் காலி!

அடுத்த ஞாயிறு வள்ளிமலை. வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். முருகன் வள்ளியை மணந்த கதையின் ஊர் என்பது எல்லோருக்கும் தெரியும். மலையில் சமணக் குகையும் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களும் இருப்பது பலருக்குத் தெரியாது. ஒன்பதாம் நூற்றாண்டில் கங்க மன்னன் ராஜமல்லன் அங்கே சமணப் பள்ளி அமைத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. மேலே 'சூரியன் காணாத சுனை' என்று ஒன்று உண்டு. அது நீந்துகிற இடமல்ல, கும்பிடுகிற இடம். நாங்கள் கால் கூட நனைக்கவில்லை.

அங்கிருந்து மேல்பாடி கிட்டத்தில்தான். பொன்னை ஆற்றங்கரை. ராஜராஜ சோழன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்காக எடுத்த பள்ளிப்படைக் கோயில் அங்கே இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய கை, இந்தச் சின்னக் கோயிலையும் கட்டியிருக்கிறது. நாங்கள் போன மதியம் எங்களைத் தவிர ஓர் ஈ, காக்கை இல்லை.

ஒரு முழுக்கு

வெயில் தாங்கவில்லை. வயல் நடுவே ஒரு பெரிய கிணறு, கல்லில் பதித்த படி, பச்சைக் கண்ணாடி மாதிரித் தண்ணீர். வரப்பில் நின்ற பெரியவரிடம் கேட்டோம்.

"தாத்தா, குளிச்சிக்கலாமா?"

"நீச்சல் தெரியுமாப்பா?"

"தெரியும் தாத்தா."

"அப்ப எறங்குங்க. சோப்பு கீப்பு போட்டுடாதீங்க. இந்தத் தண்ணிதான் நாங்க குடிக்கிறது."

குதித்தேன். குளிர் உச்சந்தலையில் ஏறியது. மல்லாந்து மிதந்தபோது மேலே வட்டமாக வானம், ஓரத்தில் தொங்கும் வேர், அதில் ஒரு தூக்கணாங்குருவிக் கூடு. அந்தப் புத்தகத்துப் படம் அப்படியே! ஆம்பூர் நண்பன் படியில் உட்கார்ந்து, "இன்னா மச்சி, மெக்சிகோ வந்துட்டியா?" என்றான்.

சிரித்தேன். ஆனால் 'இந்தத் தண்ணிதான் நாங்க குடிக்கிறது' என்ற வார்த்தை உள்ளே குத்தியது. காரணம் சொல்கிறேன்.

என் தாத்தா கிணறு

எங்கள் ஊர் ஆம்பூர்ப் பக்கம், பாலாற்றங்கரை. என் அப்பா முதுகில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகியது எங்கள் நிலத்துக் கிணற்றில். எனக்கு அந்தக் கிணற்றில் இறங்க அனுமதி இல்லை. இறங்கினால் உடம்பெல்லாம் அரிப்பு. நான் நீச்சல் பழகியதே அம்மா பிறந்த ஊரில்தான். எங்கள் கிணற்றில் இப்போது மாடு கூட வாய் வைப்பதில்லை.

பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்புப் போட்டு வருகிறது. டேனரியில் முதல் வேலையாக அதை ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு முழுவதும் தண்ணீரில் போகிறது. பிறகு சுண்ணாம்பு, சல்பைடு, குரோம். சாதாரணச் சுத்திகரிப்பில் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும், கரைந்த உப்பைத் தின்னாது. உப்பைப் பிரிக்க சவ்வூடு முறை வேண்டும், அதில் மிஞ்சும் உப்புக் கரைசலை வற்றவைக்க வேண்டும். செலவு அதிகம். செய்யாமல் விட்ட காலமெல்லாம் அது மணல் வழியாக இறங்கிக் கிணறுகளுக்குப் போயிருக்கிறது. பாலாற்று மணலும் ஒரு வகையில் மாயன் குகை மாதிரிதான். இங்கே விட்டது அங்கே வரும்.

மேல்பாடிப் பக்கத்துத் தண்ணீர் ஒரு பாட்டில், எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஒரு பாட்டில், இரண்டையும் நம் லேபில் குளோரைடு டைட்ரேஷன் செய்தேன். பொட்டாசியம் குரோமேட் விட்டதும் இரண்டும் மஞ்சள். சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட, முதல் குடுவை சீக்கிரமே செங்கல் நிறமானது. இரண்டாவது குடுவைக்கு ப்யூரெட் காலியாகி, மறுபடி நிரப்பியும் மஞ்சள் மாறவில்லை. லேப் அண்ணன் எட்டிப் பார்த்து, "கடல் தண்ணியாடா?" என்றார். "எங்க தாத்தா கிணறுண்ணே" என்றேன்.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. 'மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்' என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உறுதிப்படுத்திய தீர்ப்பு அது. இன்று நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் நம்ம மாவட்டத்தின் பெயர் சொல்லிப் படிக்கிறார்கள். 2025 ஜனவரி 30 அன்று பாலாறு பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. இதிலிருந்தே நிலைமை புரியும்.

தோல் தொழில் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். என் அம்மா ஷூ கம்பெனியில் தைக்கிற காசில்தான் நான் ஃபீஸ் கட்டுகிறேன். தோலும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதுதானே டிப்ளமோ படித்த நம் வேலை?

கல்குவாரி - ஓர் எச்சரிக்கை

ஊர்க் கிணறு கெட்டதால் பையன்கள் எங்கே போகிறார்கள் தெரியுமா? கைவிட்ட கல்குவாரிக்கு. போன வருஷம் என் வகுப்புத் தோழன் ஒருவன் அப்படிப்பட்ட குழியில் குதித்தான். நீச்சல் தெரிந்தவன்தான். ஆனால் குவாரியில் படி கிடையாது, சுவர் செங்குத்து, பிடிக்க விளிம்பு இல்லை. மேல் தண்ணீர் வெதுவெதுப்பு, கொஞ்சம் கீழே பனிக்கட்டிக் குளிர். கை கால் இழுத்துக்கொண்டது. எங்கள் நான்கு லுங்கியை முடிச்சுப் போட்டு வீசி இழுத்தோம். பிழைத்தான். அந்த முடிச்சு அவிழ்ந்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஆகவே நண்பர்களே, போங்கள், பாருங்கள், ஆனால் இதை மறக்காதீர்கள்:

தனியாக இறங்காதீர்கள். படி இல்லாத நீரில் இறங்கவே வேண்டாம். ஆழம் தெரியாமல் தலைகுப்புறக் குதிக்கக் கூடாது. ஆற்றில் மணல் அள்ளிய குழி கண்ணுக்குத் தெரியாது, ஊர்க்காரரைக் கேளுங்கள். ஒருவன் முழுகினால் பின்னால் குதிக்காதீர்கள். கயிறு, வேட்டி, மூடிய காலி கேன் எது கிடைத்தாலும் வீசுங்கள். வெளியே எடுத்தபின் தலைகீழாகத் தூக்குவது, வயிற்றை அமுக்குவது எல்லாம் தவறு. மூச்சு இல்லையென்றால் உடனே வாயில் ஊதி, நெஞ்சை அழுத்தும் முதலுதவி. இன்னொருவன் 108க்குப் போன் செய்யட்டும். அதைக் கற்றுத்தர ஒரு நாள் முகாம் நடத்தும்படி நம் பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக, கல்வெட்டுள்ள பாறையில் உங்கள் காதலியின் பெயரைப் பெயின்ட் அடிக்காதீர்கள். ராஜமல்லன் எழுதியது ஆயிரம் வருஷம் தாண்டி நிற்கிறது. உங்கள் காதல் அடுத்த செமஸ்டர் வரை நிற்குமா, தெரியாது!

மெக்சிகோவுக்கு என்றாவது போவேன். அதற்கு முன் எங்கள் கிணற்றுத் தண்ணீரை அந்தக் குடுவையில் விட்டு, சீக்கிரமே செங்கல் நிறம் வருவதைப் பார்க்க வேண்டும். எத்தனை வருஷம் ஆகும் என்று தெரியாது. அன்றைக்கு என் அப்பாவைக் கிணற்றுப் படியில் உட்காரவைத்து, முதல் ஆளாக நான் குதிப்பேன்.