பழைய சட்டை... விலை 12 லட்சம் டாலர்!

வியர்வையில் நனைந்த பழைய சட்டை. அதைக் காசு கொடுத்து வாங்குவார்களா? வாங்குகிறார்கள்! அதுவும் போட்டி போட்டுக்கொண்டு!

கனடா நாட்டு மக்களுக்குப் பனிக்கட்டி மீது ஆடும் ஆக்கி என்றால் உயிர். 1972-ம் ஆண்டு மாஸ்கோவில் ரஷியாவுடன் மோதியது கனடா. ஆட்டம் முடிய 34 வினாடிதான் பாக்கி. பால் ஹெண்டர்சன் என்ற வீரர் வெற்றி கோலை அடித்தார். அன்று அவர் போட்டிருந்த சட்டை 2010-ல் ஏலத்துக்கு வந்தது. 12 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று!

அதே மாதிரி புதுச் சட்டைக்கு இந்த மதிப்பு கிடையாது. ஆட்டத்தில் போட்டதாக இருக்கவேண்டும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது? அன்று எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். படத்தில் கிழிசல் இருந்தால், சட்டையிலும் அதே இடத்தில் இருக்கவேண்டும். தையல் போட்டிருந்தாலும் தடம் தெரியும். கறையும் ஒரு சாட்சிதான்!

நம் நாட்டுக் கதை வேறு.

1956, மெல்போர்ன் ஒலிம்பிக். இந்திய அணித் தலைவர் பல்பீர் சிங். முதல் ஆட்டத்திலேயே அவருடைய கைவிரல் எலும்பு முறிந்தது. அப்படியும் இறுதி ஆட்டத்தில் இறங்கினார். பாகிஸ்தானை 1-0 என்று வென்றது இந்தியா. அந்த ஒலிம்பிக்கில் நாம் அடித்த கோல் 38. வாங்கியது? ஒன்றுகூட இல்லை!

அந்த ஒலிம்பிக்கில் அணித் தலைவராக அணிந்த கோட்டைப் பல்பீர் சிங் 1985-ல் இந்திய விளையாட்டு ஆணையத்திடம் கொடுத்தார். 36 பதக்கங்கள், நூற்றுக்கும் மேற்பட்ட படங்களையும் சேர்த்துக் கொடுத்தார். காட்சிச்சாலை அமைக்கப்போவதாகச் சொன்னார்கள். சர்க்கார் கையில் பத்திரமாக இருக்கும் என்றுதானே நம்பிக் கொடுத்தார்! 2012-ல் கேட்டபோது எதையும் காணோம். 2020-ல் அவர் காலமானார். கடைசிவரை அந்தக் கோட்டு அவர் கைக்கு வரவில்லை.

தூத்துக்குடி மாவட்டத்துக் கோவில்பட்டி, கடலைமிட்டாய்க்கு மட்டுமா பேர்போனது? ஆக்கிக்கும்தான்! லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்காக வடநாட்டு அணிகள்கூட இங்கே வந்து ஆடுகின்றன. 2022-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் கோவில்பட்டி மாரீஸ்வரன் இந்தியாவுக்கு ஆடினார். இங்கே பயிற்சி பெற்ற அரியலூர் கார்த்தி, பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் அடித்தார். இந்தியாவுக்கு வெண்கலம்!

உங்கள் வீட்டுத் தாத்தா ஆக்கி ஆடியவரா? டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பருத்திப் பனியன் இருந்தால் தரை துடைக்க எடுத்துவிடாதீர்கள்!

கறையைப் போக்க வெளுக்கப் போடவேண்டாம். தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று அதிகம். இரும்புக் கொக்கியில் மாட்டினால் துரு ஏறும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். வெள்ளைத் துணியில் சுற்றி வையுங்கள். அவ்வப்போது மடிப்பை மாற்றுங்கள்.

யார் போட்டது, எந்த ஆண்டு, எந்த ஆட்டம் என்று தாத்தாவிடமே கேட்டு, ஒரு சீட்டில் எழுதிக் கூடவே வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள். மை என்றால் துணியில் ஊறிவிடும்.