பெரிய டயரும் கிரவுன் பினியனும்

நேமத்தான்பட்டிப் பக்கம் கண்மாய்க் கரையில ஜீப் ஏறும்போது கிளட்ச் கருகுற வாடை வருதா? முதல்ல டயரைப் பாருங்க. 28 அங்குலத்துக்குப் பதிலா 31 போட்டா இழுவை பத்தில் ஒரு பங்கு குறையும். ஸ்பிரிங்கை உயர்த்தினதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.

பழைய விகிதத்தைப் புது டயர் அளவால் பெருக்கி, பழைய அளவால் வகுக்கணும். உலகப்போர் கால வில்லிஸ் எம்பி-யில் பினியனுக்கு 8 பல், கிரவுனுக்கு 39, விகிதம் 4.88. கணக்குப்படி தேவை 5.40. பின்னாளில் மஹிந்திராவும் தயாரித்த சிஜே3பி-யில் 8-க்கு 43, அதாவது 5.38. கிட்டத்தட்ட அதேதான்!

செலவுக்குப் பயந்து பின் ஆக்ஸிலை மட்டும் மாத்திடாதீங்க. நாலு சக்கர இழுவை போட்டதும் முன்னும் பின்னும் வேற வேற வேகத்துல சுத்தப் பார்க்கும். கெட்டித் தரையில பல்லோ ஷாப்டோ உடையும். ரெண்டையும் மாத்தினா, டிரான்ஸ்பர் கேஸிலிருந்து ஓடுற ஸ்பீடோமீட்டரும் பழையபடி சரியாக் காட்டும்.