ஜெலட்டின் தடிமனே படம்

19ஆம் நூற்றாண்டில் வெள்ளி உப்புகளைக் கொண்டு அச்சிட்ட புகைப்படங்கள் பல மஞ்சளாகி மங்கிவிட்டன. அந்தக் காலத்துக் கார்பன் அச்சுகளோ இன்றும் கருமை குன்றாமல் இருக்கின்றன. அவற்றில் வெள்ளி இல்லை; ஜெலட்டினில் கலந்த கரித்தூள்தான் படமாக நிற்கிறது.

விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து கிடைக்கும் புரதமே ஜெலட்டின். அதைத் தாளில் பூசி, பொட்டாசியம் டைகுரோமேட்டை ஏற்றி, நெகட்டிவ் வழியாக வெயிலில் காட்டினால், ஒளி பட்ட இடம் இறுகிவிடும்; படாத இடம் வெந்நீரில் கரையும். 1855இல் பிரெஞ்சுக்காரர் அல்போன்ஸ் புவாத்வன் இதை வைத்துப் படம் அச்சிட்டார். ஆனால் ஒளி மேலிருந்து கீழாக இறுக்குவதால், இடைச்சாயல்களில் அடிப்பகுதி இறுகாமல் நின்றது. கழுவியதும் அடி கரைந்து, மேலே இருந்ததும் கழன்றுபோனது. இங்கிலாந்தின் ஜோசப் சுவான் 1864இல் இதற்கு வழி கண்டார். பூச்சை வேறொரு தாளில் குப்புற ஒட்டி, வெந்நீரில் பழைய தாளை உரித்து, பின்பக்கமாகக் கழுவினார். ஆழமாக இறுகிய இடம் தடித்துக் கருமையாகவும், லேசாக இறுகிய இடம் மெலிந்து சாம்பலாகவும் நின்றது.

தடிமன்தான் சாயல் என்பதால், பூச்சு எங்கும் ஒரே சீராக இருக்க வேண்டும். ஜெலட்டினை முதலில் குளிர்ந்த நீரில் அரைமணி நேரம் ஊறவைப்பார்கள். நேராக வெந்நீரில் போட்டால் கட்டி தட்டும். ஊறி உப்பியதை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து, 45 டிகிரி செல்சியஸ் அளவில் உருக்குவார்கள். சூடு மிகுந்தால் புரதம் சிதைந்து, உறையும் வலுவை இழக்கும். காய்ந்தபின் வெடிக்காமல் வளைய சர்க்கரையும், நிறத்துக்கு நன்றாக அரைத்த புகைக்கரியும் சேரும். இனி குமிழிதான் எதிரி. ஒரு சிறு குமிழி படத்தில் வெள்ளைப் புள்ளியாகிவிடும். அதனால் கலவையை மெல்லக் கிளறி, சூடு ஆறாமல் வைத்திருந்து, மேலே வந்த நுரையை வழித்தெடுப்பார்கள்.

ரசமட்டம் வைத்துச் சமன்செய்த கண்ணாடியில் ஈரத்தாளை விரித்து, கலவையை ஊற்றிப் பரப்பினால் சில நிமிடங்களில் உறைந்துவிடும். பிறகு தூசி படாமல் காயவைக்க வேண்டும்.

டைகுரோமேட் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய நஞ்சு. கையுறை இல்லாமல் தொடக்கூடாது. அதற்குப் பதிலாக வேறு மருந்துகளையும் இன்று சிலர் பயன்படுத்துகிறார்கள். ஒளியுணர்வூட்டும் மருந்து எதுவானாலும், படத்தின் தரத்தில் பாதி, நெகட்டிவை எடுக்கும் முன்பே இந்தப் பூச்சில் முடிவாகிவிடுகிறது.